பாத்து மாமா

நாற்காலியைக் காட்டி "உட்காருங்க" என்று சொன்னால் உடனே உட்கார மாட்டார். சாய்மானத்தைப் பிடித்து இந்தப் பக்கம் ஓர் ஆட்டு, அந்தப் பக்கம் ஓர் ஆட்டு. நாலு காலும் தரையில் பதிகிறதா என்று குனிந்து ஒரு பார்வை. பிறகு அண்ணாந்து, தலைக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறதா என்று இன்னொரு பார்வை. இருந்தால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, "ம், இப்பச் சொல்லுங்க" என்பார். பேச வந்தவர் அவர்தான், ஆனாலும் நம்மைச் சொல்லச் சொல்வார். அதற்குள் அவர் கண் சமையலறை வரைக்கும் போய், அடுப்பின் மேல் வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கும். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய் அதை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வருவார். அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவையாகக்கூட இருக்கும்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மீசை சரியாக முளைக்காத வயதில் தோளில் மாட்டிய பையைத் தலை முழுக்க நரைத்த பிறகுதான் இறக்கி வைத்தார். எங்கள் குடியிருப்பில் அவர் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர் வாசல். பெரியவர்களுக்கு அவர் பாலிசிக்காரர். குழந்தைகளுக்குப் பாத்து மாமா. அந்தப் பெயர் வந்ததற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. "பாத்துப் போங்க", "பாத்து இறங்குங்க", "பாத்துக் குடிங்க, சுடும்." தபால்காரர் முதல் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர் வரை யாரையும் அவர் அந்தச் சொல் இல்லாமல் வழியனுப்பியதில்லை. ஒரு நாள் இரவு, மின்சாரம் போய் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலையும்போது, "பாத்துத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டார். என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தூங்கறதுல என்ன சார் பாக்கறது?" என்று கேட்டாள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "கட்டிலோட ஓரத்தைம்மா" என்றார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வழுக்கவில்லை, விழவில்லை, ஷாக் அடிக்கவில்லை. ஆயுள் முழுக்க அவர் தேடித் தேடி அடைத்து வைத்த வழிகளில் ஒன்றின் வழியாகவும் அது வரவில்லை. அவரைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. எனக்கு நூலகத்தில் பிற்பகல் வேலை. காலை நேரமெல்லாம் வீட்டில்தான். எதிர் வாசலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைத் தவிர உருப்படியான பழக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

அவர் தொழிலுக்கு மிகவும் தேவையான ஒரு சொல்லை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. சாவு, மரணம், இறப்பு, எதுவும் அவர் வாயில் வராது. "ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா" என்பார். அந்த இடத்தில் குரல் இறங்கும். எதிரில் இருப்பவருக்கு விளங்கிவிடும். மளிகைக் கடைக்காரர் குறும்புக்காரர். "எது கிடக்க எது சார்?" என்று மடக்கினாராம். "கடை இங்க கிடக்க, நீங்க மட்டும் எங்கயோ கிளம்பிப் போயிட்டீங்கன்னு வெச்சுக்குங்களேன்" என்றாராம் இவர்.

முடி வெட்டுகிறவர் இவரைக் கண்டதும் கத்தரியை எடுக்கும் முன்பே ஒப்பந்தம் பேசிவிடுவார். "சார், பாலிசியைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா ஒரு பக்கம் மட்டும் வெட்டி அனுப்பிருவேன்." இவரும் உதட்டை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்து துண்டை உதறும் நேரத்தில், சுவரில் தோலுரிந்து தொங்கும் வயரைக் காட்டி, "இதைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்பார். அந்த வருடமே முடி வெட்டுகிறவர் பாலிசி எடுத்துவிட்டார். வயரை மட்டும் மாற்றவில்லை. பாலிசிக்காரரே ஒரு நாள் எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிப்போய் மாற்ற வைத்தார்.

துக்க வீடுகளில் அவரைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. லாரி டிரைவர் ஒருவர் தவறிப்போன வீட்டுக்கு அவரோடு நானும் போயிருந்தேன். மூலையில் டிரைவரின் மைத்துனர் யாரிடமோ போனில் இறப்புச் சர்டிபிகேட்டுக்காகப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் நேராக அவரிடம் போய், "ஆஸ்பத்திரியில என்ன எழுத்து குடுத்தீங்க? அதேதானா இது?" என்று கேட்டார். "மனுஷனே போயிட்டான். உங்களுக்கு எழுத்துதான் இப்ப முக்கியமா?" என்று மைத்துனர் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார். இவர் ஓர் அடி பின்வாங்கவில்லை. "ஒரே ஒரு எழுத்து மாறிச்சுன்னா உங்க அக்காவை மாசக்கணக்கா அலைய விடுவாங்க தம்பி. என்னை அப்புறமா அடிங்க. இப்ப எழுத்தைச் சொல்லுங்க" என்றார். மைத்துனர் அடிக்கவில்லை. எழுத்தைச் சொன்னார். பாதியில் உடைந்து அழுதார். இவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மீதி எழுத்துகளையும் கேட்டு வாங்கினார்.

இந்த மனிதருக்கு இத்தனை பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு வெகுநாள் குடைச்சல். சின்ன வயதில் கிணற்றில் விழுந்திருப்பார் என்றாள் என் மனைவி. தீ விபத்தாக இருக்கும் என்றார் குடியிருப்புக் காவலாளி. தாங்க முடியாமல் ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். நாங்கள் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தோம்.

"எனக்கா? எனக்கு ஒண்ணுமே நடந்ததில்ல சார். கால்ல முள்ளுகூடச் சரியாக் குத்தினதில்ல" என்றார். சற்று நடந்துவிட்டு, எதிரே ஒரு கட்டடத்தைக் காட்டினார். "அந்த மாடிப்படி தெரியுதா? கைப்பிடி இல்லாம? பேங்க் காஷியர். அந்த மொட்டை மாடி, துணி எடுக்கப் போன அம்மா. இந்தத் திருப்பத்துல பேப்பர் போடற பெரியவர். எல்லாம் நான் கிளெய்ம் எழுதிக் குடுத்ததுதான். உங்களுக்கு இது கடைத்தெரு. எனக்கு வேற மாதிரித் தெரியுது, என்ன பண்றது?"

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கும் நிம்மதியாக நடக்க வரவில்லை. ஒட்டுவாரொட்டி.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியைப் பார்த்தால், எழுதிவைத்தவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்று தோன்றும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவார். பரணில் இருப்பதை எடுக்க ஏணி கேட்க மாட்டார். ஜன்னல் கட்டையில் ஒரு கால், அலமாரியில் ஒரு கால். கீழே இவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பந்து பிடிக்க நிற்பவர் போல நின்றிருப்பார். "ஏங்க, நான் விழுந்தா உங்களால பிடிக்க முடியுமா? தள்ளிப் போங்க, உங்க மேல விழுந்துட்டா உங்களுக்குத்தான் அடிபடும்" என்பார் டீச்சர்.

அவர்கள் கல்யாணம் நடந்த கதையை டீச்சர் சொல்லிக் கேட்க வேண்டும். பாலிசிக்காரர் தொழிலுக்கு வந்த புதிது. பள்ளி ஆசிரியைகளிடம் பேச வந்திருக்கிறார். மற்றவர்கள் நழுவிவிட, மைதானத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த டீச்சர் மாட்டிக்கொண்டார். "சரி, எழுதுங்க, தொலையட்டும்" என்று ஒப்புக்கொண்டார். பெயர், வயது எல்லாம் ஆயிற்று. "நாமினி யாருங்க?" என்றார் ஏஜெண்ட். டீச்சருக்குப் பெற்றோர் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த யோசனை பிடிக்காமல், "யாரும் இல்ல. உங்க பேரையே எழுதிக்குங்க" என்றிருக்கிறார்.

வேறு ஆளாக இருந்தால் சிரித்திருப்பான். இவர் பேனாவை மூடிவிட்டு மிகுந்த கவலையோடு, "அப்படி எழுத முடியாதுங்க. நாமினி உறவுக்காரங்களா இருக்கணும்" என்று விளக்கினாராம்.

"அப்ப உறவாயிட்டு வந்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அடுத்த வாரம் அந்த மனிதர் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நாமினி கேள்வியைப் பற்றி அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்ததை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். "கல்யாணமாகிப் பேரன் எடுத்தவர்கூட அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் தயங்குவார் சார். மனசுல யார் யாரோ வந்து போவாங்க. அந்த நேரத்துல அவங்க முகத்தைப் பாக்கக் கூடாது. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

இன்னொன்றும் சொல்வார். எந்த வீட்டிலும், எந்தக் கடையிலும், விண்ணப்பப் பாரத்தைப் பிரிக்கும் முன் சொல்வது. "எதையும் ஒளிக்காதீங்க. சர்க்கரை இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. சிகரெட் குடிச்சா குடிக்கறேன்னு சொல்லுங்க. இப்ப ஒளிச்சா, நீங்க இல்லாதப்ப உங்க வீட்டம்மாதான் பதில் சொல்லணும்."

ஒரே மகள். வீட்டில் பெயர் பாப்பா. அச்சு அசல் டீச்சர். நடக்கப் பழகும் முன்பே ஏறப் பழகிவிட்டாள். பாலிசிக்காரர் மேசை முனைகளுக்கெல்லாம் பழைய துணி சுற்றி வைத்தார். பாப்பா முனையில் இடித்துக்கொள்ளவில்லை. மேசை மேலிருந்து குதித்தாள். ஒரு நாள் அவளைக் காணோம் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டபோது அவள் குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். டீச்சர் சிரித்தார். இவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

பாப்பா இயந்திரவியல் டிப்ளமோ படித்தாள். கட்டடம் கட்டும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஏதோ பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, வேறு வேலைக்கு மாறினாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னிடம் சொன்னார், காவலாளியிடம் சொன்னார், முடி வெட்டுகிறவரிடமும் சொல்லியிருப்பார்.

"ஆபரேட்டராப் போட்டுட்டாங்க சார். தனி கேபின். ஏ.சி. யாரும் தொந்தரவு பண்ண முடியாது."

"எந்த மாடியில சார்?"

"மேலதான்னு சொன்னா."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டவர் கிரேன் ஆபரேட்டர். கேபினில் ஏ.சி. உண்டு. தொந்தரவு செய்ய நினைப்பவர்கள் இரும்பு ஏணியில் வெகுநேரம் ஏறி வர வேண்டும். அவர் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டார். தாயும் மகளும் திருத்தவில்லை. டீச்சர் என் மனைவியிடம் சொல்ல, என் மனைவி என்னிடம் சொல்ல, மெல்ல மெல்லக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஒருவர்தான். அவர் எதிரே வந்து "ஆபரேட்டர்" என்று ஆரம்பித்தால் நாங்களெல்லாம் வானத்தைப் பார்ப்போம். அப்புறம், அது இன்னும் ஆபத்தான இடம் என்று நினைவுக்கு வந்து தரையைப் பார்ப்போம்.

அந்த ரகசியம் உடைந்த நாள் ஒரு விடுமுறை நாள். பாலிசிக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். "பாப்பாவுக்கு ஒரு பாலிசி போடறேன் சார். சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டாளே. சாட்சிக் கையெழுத்துக்கு வாங்க." மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. போனேன்.

கூடத்தில் மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சொந்த மகளுக்குப் பாலிசி எழுதவும் வெளியே போகும்போது போடும் சட்டை. பாப்பா எதிரில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். நான் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"வழக்கமா எல்லாருக்கும் சொல்றதுதான்" என்று ஆரம்பித்தார். "எதையும் ஒளிக்கக் கூடாது. அப்பாதானேன்னு நினைக்காத." பாப்பா தலையாட்டினாள். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை என்று எழுதிக்கொண்டே போனார். "வேலை... ஆபரேட்டர்" என்று தானாகவே சொல்லி எழுதப் போனார்.

"அப்பா, இருங்க" என்றாள் பாப்பா.

பேனா நின்றது.

"கிரேன் ஆபரேட்டர்னு எழுதுங்கப்பா. டவர் கிரேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. ஒரே சுற்றில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் யாருக்கெல்லாம் தெரியும் என்பதும் சேர்த்து.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். தொழில் குரல். பாரத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும்.

பாப்பா சொன்னாள். எழுதினார். "பெல்ட் உண்டா?" "உண்டுப்பா." "டாக்டர் பாத்தாரா?" "வருஷா வருஷம்." எழுதினார். "ஆபீஸ் வேலைன்னு போட்டுட்டா பிரீமியம் குறையுமில்லப்பா?" என்று அவளே சூழலை லேசாக்கப் பார்த்தாள். அவர் கிரேன் என்ற சொல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

"நாமினி யாரு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆனால் இந்தத் தடவை காத்திருக்க வேண்டியே இருக்கவில்லை.

"நீங்கதான்ப்பா."

அவர் பேனாவைப் பாரத்தில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. மகளுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ளப்போகும் ஆள் யார் என்று அந்தக் கட்டம் கேட்கிறது. அவர் எத்தனையோ ஆயிரம் பேருக்கு அந்தக் கட்டத்தை நிரப்பியவர். சட்டென்று எழுந்துவிட்டார்.

"என் பேரை நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டீச்சர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "குடு இங்க" என்று பேனாவை வாங்கித் தன் பெயரைக் கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினார். அப்புறம் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை எதிர் வீட்டுச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒளிந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றார் டீச்சர்.

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

பிறகு அவர் குரல். "ஊரெல்லாம் போய் ஒளிக்காதீங்க ஒளிக்காதீங்கன்னு தொண்டை கிழியச் சொல்லிட்டு வர்றேன். என் வீட்டுலயே என்கிட்ட ஒளிச்சு வெச்சிருக்கீங்க."



மறுநாள் காலை பாப்பா வேலைக்குக் கிளம்பியதைப் பார்த்தேன். செருப்பு மாட்டிக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டாள். "அப்பா, வரேன்" என்றாள். உள்ளிருந்து "ம்" என்று வந்தது. அவ்வளவுதான். அவள் முதல் படியில் இறங்கி நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த ஒரு சொல்லுக்காக நின்றாள். வரவில்லை. அன்று அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

நாலைந்து நாள் கழித்து என் கண்ணில் வேறொன்று பட்டது. பாப்பா போய்ச் சற்று நேரத்தில் பாலிசிக்காரரும் கிளம்பிவிடுகிறார். கையில் பை இல்லை. ஏஜெண்ட் பை இல்லாமல் எங்கே போகிறார்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் பின்னாலேயே போனேன்.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்திருந்தார். மஞ்சள் நிற கிரேன். உச்சியில், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல ஒரு கண்ணாடிக் கூண்டு. என்னைக் கண்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "வாங்க சார். அந்தப் பக்கம் உட்காருங்க. இந்தக் கால் கொஞ்சம் ஆடுது" என்று இடம் விட்டார்.

அவர் அதற்குள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துப் பேசியிருந்தார். அது பாப்பாவுக்குத் தெரியாது. பெல்ட்டை வாங்கி இழுத்துப் பார்த்திருக்கிறார். ஏணிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை சோதனை என்று கேட்டிருக்கிறார். காற்று அடித்தால் என்ன செய்வீர்கள், மின்னல் வந்தால் என்ன செய்வீர்கள், அவளுக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த மனிதரைக் குடைந்து எடுத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்திருக்கிறது.

"ஒரு குறைகூடச் சொல்ல முடியல சார்" என்றார். அதில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் கூடுதலாகத் தெரிந்தது. குறை இருந்தால் அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்திருக்கும்.

நானும் அடிக்கடி போக ஆரம்பித்தேன். அப்படி ஒரு முற்பகலில்தான் காற்று கிளம்பியது. முதலில் தேநீர்க் கடையின் துணிப்பந்தல் படபடத்தது. பிறகு தெருவில் போன பெண்ணின் குடை தலைகீழானது. எதிரே மணி அடித்தது. கீழே இருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். கிரேனின் கொக்கி மேலே ஏறி நின்றது. பிறகு அந்த நீண்ட இரும்புக் கை, யாரும் திருப்பாமல், காற்று போகும் பக்கம் தானாகவே மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"ஐயோ, அது தானா திரும்புது!" என்று நான் எழுந்துவிட்டேன்.

"பாப்பா பிரேக்கை விட்டுட்டா சார். அப்படித்தான் விடணும்" என்றார். "அந்த ஆபீசர் சொன்னார். காத்து வந்தா அது இஷ்டத்துக்குத் திரும்ப விட்டுடணும். கட்டி வெச்சாத்தான் ஒடியும்."

கூண்டின் கதவு திறந்து ஓர் ஆரஞ்சு நிறப் புள்ளி வெளியே வந்தது. ஏணியில் இறங்கியது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே மறைந்தது, அடுத்த தட்டில் தெரிந்தது, மறுபடி மறைந்தது. காற்று ஊளையிட்டது. ஒரு தட்டில் அந்தப் புள்ளி வெகுநேரம் நின்றது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்கு விரல் மரத்துப்போனது.

"சத்தம் போட்டுக் கூப்பிடலாமா சார்?" என்றேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

"வேண்டாம். கூப்பிட்டா இங்க திரும்புவா. கை நழுவிடும்."

புள்ளி மறுபடி நகர்ந்தது. ஆளாக வளர்ந்தது. தலைக்கவசம், பெல்ட், கையுறை எல்லாம் தெரிந்தன. தரையில் கால் வைத்தபோது என் மணிக்கட்டு விடுதலையானது. விரல்கள் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

வாயிலைத் தாண்டி வெளியே வந்த பாப்பா எங்களைப் பார்த்துவிட்டாள். சாலையைக் கடந்து வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எப்பப்பா வந்தீங்க?"

"இப்பத்தான். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு."

தேநீர்க் கடைக்காரர் இருக்கிறவரை இப்படிப் பொய் சொல்ல முடியுமா? "தினம் வர்றாரும்மா" என்றார், தம்ளரைக் கழுவிக்கொண்டே. "நீங்க மேல போற வரைக்கும் டீயைத் தொட மாட்டாரு. ஆறிப்போயிடுது. நான்தான் மாத்திக் குடுக்கறேன்."

பாப்பா பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடுகிற கால் பக்கம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் எதிரே பார்த்தபடி இருந்தார்கள். கிரேனின் கை இன்னும் காற்றோடு அசைந்துகொண்டிருந்தது.

"நடுவுல நின்னுட்டியே, ஏன்?" என்றார்.

"காத்து கொஞ்சம் குறையட்டும்னு நின்னேன்ப்பா."

"நல்லது."

கடைக்காரர் மூன்று தேநீர் கொண்டுவந்து வைத்தார். பாலிசிக்காரர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, பாதிக் குரலில், கேட்கக் கூச்சப்படுகிறவர் போலக் கேட்டார். "மேல... எப்படி இருக்கும்?"

அந்த மனிதர் எந்த இடத்தைப் பற்றியும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கே வழுக்கும், எங்கே இடிக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருக்கும்.

பாப்பா சொல்ல ஆரம்பித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. நம் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும், உள்ளே பாசி, கழுவச் சொல்லுங்க என்றாள். அம்மாவின் பள்ளி மைதானம் தெரியும், பிள்ளைகள் வரிசையாக ஓடுவது தெரியும், விசில் மட்டும் கேட்காது என்றாள். மழை வருவதை ஊருக்கு முன்னால் அவள் பார்த்துவிடுவாளாம். திரை போல நடந்து வருமாம். "காலையில புறா எல்லாம் எனக்குக் கீழ பறக்கும்ப்பா. முதுகு தெரியும்."

"புறாவுக்கு முதுகா?" என்றார்.

"ஆமாம்ப்பா. நாம வயித்தைத்தானே பாத்திருக்கோம். முதுகு வேற நிறம்."

அவர் தேநீர் முழுவதையும் குடித்துமுடித்தார். அன்று சூடாகவே குடித்தார்.

பாலிசி வந்து சேர்ந்தது, கூடுதல் பிரீமியத்தோடு. நாமினி பெயரை அவர் மாற்றவில்லை. எதையும் பேசித் தீர்த்துக்கொண்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் காற்று அடித்ததற்கு மறுநாள் காலையிலிருந்து படியில் அந்தப் பழைய சொல் மறுபடி கேட்டது. அதோடு மாலையில் புதிதாக ஒன்றும் கேட்க ஆரம்பித்தது. பாப்பா உள்ளே நுழைந்து பையைக்கூட வைத்திருக்க மாட்டாள். "இன்னிக்கு என்ன தெரிஞ்சுது?" என்பார். அவள் சொல்லச் சொல்ல அந்தக் குரல் எங்கள் வீடு வரைக்கும் வரும். எந்தத் தெருவில் திருமணக் கூட்டம், எந்தக் கூரையில் யார் செடி வளர்க்கிறார்கள், ஆறு எந்தப் பக்கம் வளைகிறது. கடைத்தெருவில் என்னோடு நடக்கும்போது இப்போது அவர் விபத்துகளுக்கு நடுநடுவே, "இந்தக் கடைக்கு மேல ஒருத்தர் முயல் வளக்கறார், தெரியுமா?" என்றும் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அந்தத் தெரு பாதியாவது திரும்பக் கிடைத்தது.

அவர் தொழிலை விட்ட பிறகு பாப்பாவின் கம்பெனி வேறு இடத்தில் வேலை தொடங்கியது. அந்த கிரேன் எங்கள் பால்கனிகளிலிருந்தே தெரியும். தூரம்தான், ஆனாலும் தெரியும். ஒரு பிற்பகல் எனக்கு நூலகம் விடுமுறை. பழைய செய்தித்தாள் கேட்க எதிர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் வாயில் விரலை வைத்து, பால்கனியைக் காட்டினார்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. கூரைகளுக்கெல்லாம் அப்பால், கிரேனின் கொக்கியில் ஏதோ ஒரு கட்டு தரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. ஆள்காட்டி விரலை வானத்தை நோக்கி நீட்டி, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினார்.

"என்ன சார் அது?" என்றேன்.

"தூக்குன்னு அர்த்தம். கீழ நிக்கற ஆள் இப்படித்தான் காட்டுவார். பாப்பா சொல்லிக் குடுத்தா" என்றார், கண்ணை எடுக்காமல்.

கட்டு ஒவ்வொரு மாடியாகத் தாண்டி ஏறியது. கட்டடத்தின் உச்சிக்கு வந்துவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றியது. "போதும் சார், வந்துடுச்சே" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, விரலை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.